ராஜா, லாஜா, ராயா: பிராகிருதத்தில் ‘அரசன்’ என்ற சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசோகரின் கல்வெட்டுகளையோ சாதவாகனரின் காசுகளையோ முதன்முதலாக வாசிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லில்தான் தடுக்கி நிற்கிறார்கள். ஓரிடத்தில் ராஜா, இன்னோரிடத்தில் லாஜா, வேறோரிடத்தில் ராயா. அதோடு ரஞோ, லாஜினே, ரண்ணோ, மஹாராஜஸ என்று வேறு வருகின்றன. எல்லாம் அரசனைத்தான் குறிக்கின்றன. பிராகிருதம் படிக்கத் தொடங்குகிறவர்கள் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சொல்லின் ஆறாம் வேற்றுமை வடிவம் ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், கையில் இருக்கும் பிராகிருதம் எந்தத் திசையைச் சேர்ந்தது என்பதில் பாதி விளங்கிவிடும்.

இத்தனை வடிவங்களும் ஒரே சொல்தானா?

ஆமாம், ஒரே சொல்தான். பிராகிருதம் என்பது ஒற்றை மொழியின் பெயர் அல்ல. பாலி, அசோகர் காலத்து வட்டார வழக்குகள், சமணர்களின் அர்த்தமாகதி, கவிதைக்குப் பேர்போன மகாராஷ்டிரி, நாடகங்களில் வரும் சௌரசேனி, மாகதி, இலக்கண நூலாசிரியர்கள் விவரிக்கும் பைசாசி எல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கும். இவற்றில் பாலியைத் தனியாக வைப்பவர்களும் உண்டு. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட சொல்லைப் பொறுத்தவரை அதைச் சேர்த்துப் பார்ப்பதே பயனுள்ளது.

எழுவாய் வடிவம் பாலியிலும் பைசாசியிலும் ராஜா. மகாராஷ்டிரியில் ராஆ, அர்த்தமாகதியில் ராயா, நாடக மாகதியில் லாஆ. அசோகரின் கிழக்குக் கல்வெட்டுகளில் லாஜா.

சொல்லின் மூலம் எது?

சமஸ்கிருதத்தில் இதன் அடிச்சொல் ராஜன். னகர மெய்யில் முடிகிற பெயர்ச்சொல். எழுவாயில் அந்த ‘ன்’ விழுந்து ராஜா ஆகிறது. மற்ற வேற்றுமைகளில் ‘ன்’ திரும்பி வருகிறது: ராஜானம் (அரசனை), ராஜ்ஞா (அரசனால்), ராஜ்ஞ: (அரசனுடைய). இப்படி ஒளிந்தும் வெளிப்பட்டும் வருகிற அந்த னகரம்தான் பிராகிருதத்தில் நடக்கும் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

இந்தியாவுக்கு வெளியேயும் இதன் உறவினர்கள் உண்டு. லத்தீனில் அரசனுக்கு ரேக்ஸ். பழைய ஐரிஷில் ரீ. கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் ஜூலியஸ் சீசரை எதிர்த்த வெர்சிங்கெடோரிக்ஸின் பெயர்க் கடைசியில் இருக்கும் ‘ரிக்ஸ்’ இதே சொல்தான். நேராக்குதல், நேரே நடத்திச் செல்லுதல் என்ற பொருளுடைய வேர் ஒன்றிலிருந்து இவை கிளைத்தன என்பது ஒப்பீட்டு மொழியியலின் முடிவு.

‘மக்களை மகிழ்விப்பதால் ராஜா’ என்று படித்திருக்கிறேனே?

பழைய நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. பாலித் திரிபிடகத்தில் தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தத்தில் புத்தர், முதல் அரசன் எப்படித் தோன்றினான் என்று வாசெட்டருக்கு விவரிக்கும்போது, ‘தம்மேன பரே ரஞ்ஜேதி’, அதாவது அறத்தால் பிறரை மகிழ்விக்கிறான், அதனால் ராஜா என்கிறார். மகாபாரதத்தின் சாந்தி பர்வமும் பிருது மன்னனை வைத்து இதே விளக்கத்தைத் தருகிறது. காளிதாசரும் ரகுவம்சத்தில் இதை எடுத்தாள்கிறார்.

மொழியியல்படி ராஜன் என்ற சொல்லுக்கும் ரஞ்ஜ் (நிறமேற்று, மகிழ்வி) என்ற வினைக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் அந்த விளக்கத்தை வெறும் பிழை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசன் எப்படி இருக்க வேண்டும் என்று அன்றைய சமூகம் நினைத்ததோ, அதை அந்தச் சொல்லுக்குள்ளேயே வைத்துப் பார்த்திருக்கிறது. அரசியல் சிந்தனையின் வரலாற்றுக்கு அது நல்ல சான்று. சொல்லின் வரலாற்றுக்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

ராஜா எப்படி ராஆ ஆனது? ராயா எங்கிருந்து வந்தது?

இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் க, ச, ஜ, த, ப போன்ற தனி மெய்கள் பிற்காலப் பிராகிருதங்களில் தேய்கின்றன. மகாராஷ்டிரியில் அவை பெரும்பாலும் மறைந்தே போகும். ராஜா என்பதில் ‘ஜ்’ மறைந்தால் மிஞ்சுவது ராஆ. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நின்றால் சொல்லச் சிரமம். தமிழில் நாம் உடம்படுமெய் போட்டுக்கொள்வதைப் போலவே அர்த்தமாகதியும் நடுவே ஒரு யகரம் போட்டுக்கொண்டது. அதுதான் ராயா.

கல்வெட்டுகளில் ராயா முன்கூட்டியே தலைகாட்டுகிறது. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஷாபாஸ்கடியில் அசோகரின் கல்வெட்டு கரோஷ்டி எழுத்தில் உள்ளது. அங்கே ‘தேவனம்ப்ரியோ ப்ரியத்ரஸி ரய’ என்றே எழுதியிருக்கிறார்கள். கரோஷ்டியில் நெடில் குறி போடும் வழக்கம் இல்லாததால் ராயா என்பது ரய என்று நிற்கிறது. கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் உள்ள கனகனஹள்ளி தூபியில் ஓர் அரசனும் அவன் தேவியும் நிற்கும் சிற்பத்துக்கு மேலே ‘ராயா அசோகோ’ என்று பெயர் பொறித்திருக்கிறது.

ரகரம் லகரமாவது கிழக்கின் வழக்கம். மகதப் பகுதியின் பேச்சில் ‘ர’ எல்லாம் ‘ல’ ஆகும். அதனால் லாஜா. அசோகரின் தில்லி–தோப்ரா தூணில் ‘தேவானம்பியே பியதஸி லாஜ ஹேவம் ஆஹா’ (தேவர்களுக்குப் பிரியமான பியதஸி அரசன் இவ்வாறு சொல்கிறான்) என்று தொடங்குவது இந்த வழக்கில்தான். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்து முடித்தபோது, இந்த ‘பியதஸி லாஜ’ யார் என்பதுதான் பெரிய கேள்வியாக நின்றது. இலங்கை மன்னன் தேவானம்பிய திஸ்ஸனாக இருக்கலாம் என்றுதான் பிரின்செப் முதலில் எண்ணினார். இலங்கையில் பணிபுரிந்த ஜார்ஜ் டர்னர், பியதஸி என்பது அசோகரின் மறுபெயர் என்பதைத் தீபவம்சத்திலிருந்து எடுத்துக்காட்டிய பிறகுதான் விடை கிடைத்தது.

சரி, இலக்கணம். இந்தச் சொல் எப்படி வேற்றுமை ஏற்கிறது?

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. முதல் வேற்றுமை தொடங்கி எட்டாவதான விளி வரை நாம் பள்ளியில் படித்த அதே வரிசை எண்கள் இங்கும் செல்லும். பிராகிருதத்தில் இருமை கிடையாது, ஒருமையும் பன்மையும் மட்டும்தான். நான்காம் வேற்றுமை பெரும்பாலும் ஆறாம் வேற்றுமைக்குள் கரைந்துவிட்டது. ‘அரசனுக்கு’, ‘அரசனுடைய’ இரண்டுக்கும் ஒரே வடிவம் போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே காசு பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

பாலியில் ஒருமை வடிவங்கள்:
முதல்: ராஜா
இரண்டாம்: ராஜானம், ராஜம்
மூன்றாம்: ரஞ்ஞா, ராஜேன
நான்காம், ஆறாம்: ரஞ்ஞோ, ராஜினோ, ராஜஸ்ஸ
ஏழாம்: ரஞ்ஞே, ராஜினி
விளி: ராஜ

பன்மையில் எழுவாய் ராஜானோ. மூன்றாம் வேற்றுமை ராஜூஹி, ஆறாம் வேற்றுமை ரஞ்ஞம் அல்லது ராஜூனம், ஏழாம் வேற்றுமை ராஜூஸு.

மகாராஷ்டிரியிலும் அர்த்தமாகதியிலும் ஞகரம் இரட்டை ணகரமாகிறது: மூன்றாம் வேற்றுமை ரண்ணா, ஆறாம் வேற்றுமை ரண்ணோ. இவற்றோடு ராஇணா, ராஇணோ என்ற வடிவங்களும் புழங்குகின்றன. பன்மையில் ராயாணோ (அரசர்கள்), ராஈஹிம் (அரசர்களால்), ராஈணம் (அரசர்களுடைய).

பைசாசிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரர் தம் இலக்கண நூலின் எட்டாம் அத்தியாயத்தைப் பிராகிருதங்களுக்கு ஒதுக்கினார். பைசாசியில் ரஞ்ஞா என்றும் சொல்லலாம், ராசிஞா என்றும் சொல்லலாம் என்று விதி சொல்லி, ‘ராசிஞோ தனம்’ (அரசனுடைய செல்வம்) என்று எடுத்துக்காட்டும் தருகிறார். இங்கே ‘சி’ என்பதைப் பச்சை என்ற சொல்லில் கேட்கிற வல்லொலியோடு படிக்க வேண்டும்.

ஆறாம் வேற்றுமைக்கு மட்டும் ஏன் இத்தனை வடிவங்கள்?

மேலே உள்ள பட்டியலில் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

சமஸ்கிருத வடிவம் ராஜ்ஞ:. நெட்டுயிருக்குப் பின்னால் ‘ஜ்ஞ்’ என்ற கூட்டெழுத்து. பிராகிருதத்துக்கு இது ஒத்துவராது. ஓர் அசையில் நெட்டுயிர் இருக்கலாம், அல்லது குற்றுயிரும் அடுத்து இரட்டித்த மெய்யும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பேசியவர்களுக்கு முன்னே மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, கூட்டெழுத்தை ஒரே மெய்யாக்கி இரட்டிப்பது. ஜ்ஞ் என்பது ஞ்ஞ் ஆகும், நெடில் குறிலாகும்: ரஞ்ஞோ. அதுவே வேறு வழக்குகளில் ரண்ணோ. மேற்கும் வடமேற்கும் தக்காணமும் இந்த வழியில் போயின.

இரண்டாம் வழி, ஜ் என்பதற்கும் ன் என்பதற்கும் நடுவே ஓர் இகரத்தை நுழைத்துக் கூட்டெழுத்தையே பிரித்துவிடுவது. ராஜ்-இன் என்று ஆகிவிடும், நெடிலையும் குறுக்க வேண்டியதில்லை. கிழக்கில் இது லாஜினே, லாஜினா என்று வருகிறது. பாலியின் ராஜினோவும் பிராகிருதத்தின் ராஇணோவும் இந்த வழியில் வந்தவையே.

மூன்றாம் வழி எளியது. பழைய னகரத்தையே மறந்துவிட்டு, அகரத்தில் முடிகிற சாதாரணப் பெயர்ச்சொல்லாக நினைத்து -ஸ்ஸ என்ற பொது உருபைச் சேர்ப்பது: ராஜஸ்ஸ. எல்லா மொழிகளிலும் குழந்தைகள் செய்வது இதுதான். விதிவிலக்கான சொல்லைப் பொது விதிக்குள் கொண்டுவந்துவிடுவார்கள்.

வியப்பு என்னவென்றால், எளிய மூன்றாம் வழி இருந்தும் முதல் வழி அழியவில்லை. அரசனைக் குறிக்கும் சொல் நாள்தோறும் ஆவணத்திலும் காசிலும் புழங்கியது. அடிக்கடி புழங்குகிற சொல் தன் பழைய வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அசோகர் கல்வெட்டில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். முதல் பாறைக் கட்டளையின் ஒரே வாக்கியத்தை மூன்று ஊர்களில் எடுத்துப் பாருங்கள். ‘முன்பு தேவர்களுக்குப் பிரியமான பியதஸி அரசனுடைய மடைப்பள்ளியில் நாள்தோறும் குழம்புக்காகப் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன’ என்பது வாக்கியம். இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டும்தான், மான்கூட எப்போதும் இல்லை, இனி அவையும் கொல்லப்படமாட்டா என்று கட்டளை தொடர்கிறது. தன் சமையற்கட்டுக் கணக்கைப் பாறையில் வெட்டிவைத்த பேரரசன் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

குஜராத்தின் கிர்னாரில்: மஹானஸம்ஹி தேவானம்ப்ரியஸ ப்ரியதஸினோ ராஞோ.
ஒடிசாவின் ஜௌகடாவில்: மஹானஸஸி தேவானம்பியஸ பியதஸினே லாஜினே.
ஷாபாஸ்கடியில்: மஹனஸஸி தேவனம்ப்ரியஸ ப்ரியத்ரஸிஸ ரஞோ.

‘அரசனுடைய’ என்ற சொல்லை மட்டும் பாருங்கள். ராஞோ, லாஜினே, ரஞோ. மேற்கில் முதல் வழி, கிழக்கில் இரண்டாம் வழி, வடமேற்கில் மறுபடி முதல் வழி. கிழக்கில் ஓகாரம் ஏகாரமாவதும் தெரிகிறது: ப்ரியதஸினோ என்பது பியதஸினே. ‘மடைப்பள்ளியில்’ என்ற ஏழாம் வேற்றுமையும் கிர்னாரில் -ம்ஹி என்றும் மற்ற இரண்டிலும் -ஸி என்றும் வேறுபடுகிறது. அரசாணை ஒன்றே, மொழிதான் ஊருக்கேற்ப மாறுகிறது.

மூன்றாம் வேற்றுமைக்கும் இதே கதைதான். கட்டளையை ‘எழுதுவித்தவன்’ யார் என்று சொல்ல கிர்னாரில் ராஞா, ஜௌகடாவில் லாஜினா. நேபாளத்தின் லும்பினித் தூணில், அசோகர் முடிசூடிய 20ஆம் ஆண்டில் தாமே வந்து வழிபட்டதைச் சொல்லும் இடத்திலும் ‘பியதஸின லாஜின’ என்று கிழக்கு வடிவமே இருக்கிறது.

ராஞோ என்பதில் ஒரே ஒரு ஞகரம்தானே இருக்கிறது? இரட்டை எங்கே?

அந்தக் காலத்துப் பிராமியில் இரட்டித்த மெய்யை இரட்டையாக எழுதும் வழக்கம் இல்லை. தம்ம, புத்த, ஸவ்வ எல்லாம் ஒற்றை மெய்யோடுதான் எழுதப்படும். அதனால் ரஞோ என்று கண்டால் ரஞ்ஞோ என்று வாசிக்க வேண்டும். பிற்காலக் காசுகளில் ஞகரம் தேய்ந்து ரனோ, ரணோ என்று தெரிவதும் உண்டு. அதைப் புதுச் சொல் என்று எண்ணிவிட வேண்டாம்.

கிர்னாரில் ‘ரா’ நெடிலாக இருப்பது தனிச் சங்கதி. ராஜா என்ற எழுவாயின் நெடில் எழுதுகிறவரை இழுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பன்மைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு?

இரண்டாம் பாறைக் கட்டளை. சோழர், பாண்டியர், சத்தியபுதர், கேரளபுதர், தாமிரபரணி (இலங்கை) என்று தெற்கை எண்ணி முடித்த கையோடு, கிர்னார் பாறை ‘அந்தியகோ யோனராஜா’ என்று கிரேக்க மன்னன் அந்தியோகஸுக்குப் போகிறது. அவனுக்கு அண்டையில் உள்ள அரசர்களை ‘ராஜானோ’ என்கிறது. டேராடூனுக்கு அருகில் உள்ள கால்சியில் அதே இடத்தில் யோனலாஜா, லாஜானோ. நம் மூவேந்தர் மரபுகளின் பெயர் முதன்முதலாகக் கல்லில் ஏறிய வரியிலேயே இந்தச் சொல்லின் ஒருமையும் பன்மையும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன.

காசுகளில் ‘மஹாராஜஸ’ என்று இருக்கிறதே, ‘மஹாரஞோ’ என்று ஏன் இல்லை?

நல்ல கேள்வி. இந்தோ–கிரேக்க மன்னன் மெனாண்டரின் காசில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டியில் ‘மஹரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ’, அதாவது ‘காப்பாளனாகிய மாமன்னன் மெனாண்டருடைய’. சகர் மரபு மன்னன் அயனின் (ஏசஸ்) காசில் ‘மஹரஜஸ ரஜரஜஸ மஹதஸ அயஸ’.

ராஜன் என்ற சொல் தொகைச்சொல்லின் கடைசியில் வந்தால் னகரத்தை இழந்து அகர ஈற்றுச் சொல்லாகிவிடும் என்பது பாணினியே சொன்ன விதி. அதனால் சமஸ்கிருதத்திலும் மஹாராஜஸ்ய, மஹாராஜேன என்றுதான் வரும். கலிங்க மன்னன் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டில் ‘மஹாராஜேன’ என்று வருவதும் இந்த வகை. இலங்கையின் பழைய பிராமிக் குகைக் கல்வெட்டுகளில் ‘மஹரஜஹ’ என்று வரும். அங்கே ஸகரம் ஹகரமாகி, ஆறாம் வேற்றுமை உருபு -ஹ ஆகிவிட்டது.

தனியாக நின்றால் ரஞோ, மஹா சேர்ந்தால் மஹாராஜஸ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் கிர்னாரின் யோனராஜா இதற்கு ஒத்துவராமல் பழைய எழுவாயையே வைத்திருக்கிறது. பாலியிலும் எழுவாய் மஹாராஜா என்றே வரும். பிராகிருதத்தில் இத்தகைய விதிகள் திசைகாட்டுமே தவிர வேலி போடாது.

நானேகாட் கல்வெட்டைத் தொடக்கப் பாடமாக எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. மகாராஷ்டிரத்தின் ஜுன்னருக்கு அருகே நானேகாட் கணவாயில் சாதவாகன அரச குடும்பத்தின் சிலைகள் இருந்த குகை இருக்கிறது. சிலைகள் அழிந்துவிட்டன, பெயர்கள் நிற்கின்றன. ‘ராயா ஸிமுக ஸாதவாஹனோ ஸிரிமாதோ’ என்பது ஒன்று. ‘தேவி நாயனிகாய ரஞோ ச ஸிரி ஸாதகனினோ’ என்பது அடுத்தது, ‘தேவி நாயனிகாவினுடைய, அரசன் சிரி சாதகனியினுடைய’ சிலைகள் என்று பொருள். எழுவாய் ராயா, ஆறாம் வேற்றுமை ரஞோ. ஒரே சுவரில் சொல்லின் இரண்டு முகங்களும் தெரிகின்றன. யகரம் எழுவாயில் மட்டும் வருவதைக் கவனியுங்கள். ஆறாம் வேற்றுமையில் ஜகரம் தனியாக நிற்காமல் கூட்டெழுத்தில் இருந்ததால் அது தேய வழியே இல்லை.

சாதவாகனரின் இருமொழிக் காசில் இந்தச் சொல் எப்படி வருகிறது?

இந்தச் சொல்லைப் பற்றி ஒரே ஒரு சான்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியின் வெள்ளிக் காசு. முன்பக்கம் மன்னனின் தலையைச் சுற்றிப் பிராகிருதத்தில்: ரஞோ வாஸிடிபுதஸ ஸிரி ஸாதகணிஸ. பின்பக்கம் திராவிட மொழியில்: அரஹணகு வாஹிட்டி மகணகு திரு ஹாதகணிகு. பின்பக்க மொழியைத் தமிழ் என்று கொள்வோரும் தெலுங்குக்கு நெருக்கமானது என்று கொள்வோரும் உண்டு.

சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். புத என்பதற்கு மகன், ஸிரி என்பதற்குத் திரு, ரஞோ என்பதற்கு அரஹணகு. பிராகிருதத்தில் ஆறாம் வேற்றுமை இருக்கும் இடத்திலெல்லாம் திராவிடத்தில் ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபு. இது தவறான மொழிபெயர்ப்பா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. பிராகிருதத்தின் ஆறாம் வேற்றுமை நான்காவதன் வேலையையும் செய்யும் என்று மேலே பார்த்தோம். ரஞோ என்றால் ‘அரசனுக்கு’ என்றும் பொருள். நம் பக்கத்திலும் உடைமையும் உறவும் ‘கு’ உருபில் வருவது இயல்பு. நான்காம் வேற்றுமையின் பொருள்களில் ‘முறை’ என்ற ஒன்றை நன்னூல் வைத்திருக்கிறது. ‘சாத்தற்கு மகன்’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. காசை வடித்தவர் இரண்டு மொழிகளின் இலக்கணத்தையும் அறிந்தே உருபைத் தேர்ந்திருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் தமிழின் ‘அரசன்’ பிராகிருதத்திலிருந்து வந்ததா?

பெரும்பாலான மொழியியலாளர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள். அவர்கள் காட்டும் காரணம், ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் முன்னே ஓர் அகரம் சேர்ந்தது என்பது. ரங்க என்பது அரங்கம் ஆனதைப் போல. தமிழ் வேரிலிருந்தே பிறந்தது என்று வாதிடும் தமிழறிஞர்களும் இருக்கிறார்கள். முதல் கருத்தே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. அரஹணகு என்று ரஞோவுக்கு நேராகக் காசில் வைத்திருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. அது பொருள் ஒன்று என்பதைக் காட்டுமே தவிர, பிறப்பைக் காட்டாது.

அரையன் என்பதை ராயாவிலிருந்து நேரே வந்ததாகச் சிலர் சொல்வார்கள். அதற்குத் தேவை இல்லை. பசலை–பயலை, முசல்–முயல் போலத் தமிழுக்குள்ளேயே ச, ய மாற்றம் உண்டு. அரைசு, அரையன் அப்படி வந்திருக்கலாம். ராயர், ராவ், இராசன் எல்லாம் பிற்காலத்தில் தனித்தனி வழிகளில் வந்து சேர்ந்தவை. ராவ் என்பதன் வால் ராஉ என்ற அபபிரம்ச (பிராகிருதத்துக்கு அடுத்த கட்ட மொழி) எழுவாயில் இருக்கிறது.

இந்தச் சொல்லின் பெண்பாலும் தொகைகளும்?

ராஜ்ஞீ என்பது ரண்ணீ ஆகி, பிறகு ராணீ ஆனது. நாம் சொல்லும் ராணி அதுதான். ராஜகுல என்பது ராஉல ஆகி அரண்மனையைக் குறித்தது. ராஜக்ருஹ என்ற ஊர் பாலியில் ராஜகஹ, அர்த்தமாகதியில் ராயகிஹ, இன்று பீகாரில் ராஜ்கீர். ராஜபுத்ர என்பது ராஉத்த ஆகி, தெற்கே வந்து குதிரைவீரனைக் குறிக்கும் இராவுத்தன் ஆனது. அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில் முருகனை ‘ராவுத்தனே’ என்று விளிக்கும்போது அவர் வாயில் இருப்பது இந்தப் பிராகிருதச் சொல்லின் பேரன்.

சமண ஆகமங்களில் ‘ஸேணியே ராயா’ என்று வருகிறது. ஒன்று ஏகாரத்திலும் மற்றொன்று ஆகாரத்திலும் முடிவது ஏன்?

இரண்டும் எழுவாய்தான். ஸேணிய என்பது மகத மன்னன் ஒருவனின் பெயர், அகர ஈற்றுப் பெயர், அதற்கு அர்த்தமாகதியில் எழுவாய் உருபு ஏகாரம். ராயா பழைய னகர ஈற்றுச் சொல், அதன் எழுவாய் எங்கும் ஆகாரம்தான். ‘தேணம் காலேணம் தேணம் ஸமயேணம்’ (அக்காலத்தில், அச்சமயத்தில்) என்று தொடங்கும் ஆகமப் பகுதிகளில் இந்த இணையை அடிக்கடி சந்திப்பீர்கள்.

பிராகிருதம் சமஸ்கிருதத்தின் சிதைவுதானே? ரஞ்ஞோ கூட ராஜ்ஞ: என்பதன் சிதைவுதானே?

ஒலி வரலாற்றில் ராஜ்ஞ: பழைய நிலை, ரஞ்ஞோ அடுத்த நிலை. அவ்வளவுதான். சிதைவு என்ற சொல் எதையும் விளக்குவதில்லை. ரஞ்ஞோவுக்குப் பின்னால் ஒழுங்கான ஒலி விதிகள் இருப்பதை மேலே பார்த்தோம். அரசாங்கத்தின் மொழியாக முதலில் கல்லில் ஏறியதும் பிராகிருதமே. ஜுனாகட் அருகே கிர்னார் அடிவாரப் பாறையிலேயே இதைக் காணலாம். அசோகரின் ‘ராஞோ’ கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. அதே பாறையில் சகர் மரபு மன்னன் ருத்ரதாமனின் சமஸ்கிருதக் கல்வெட்டு ‘ராஜ்ஞோ மஹாக்ஷத்ரபஸ்ய’ என்று சொல்வது கி.பி. 150ஐ ஒட்டி. அந்தப் பாறையைப் பொறுத்தவரை பிராகிருத வடிவம்தான் மூத்தது.

மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் எதை?

ஆறு சொற்கள் போதும்: ராஜா, ரஞ்ஞா, ரஞ்ஞோ, ராஜானோ, லாஜினே, மஹாராஜஸ. ஞ்ஞ என்பதை ண்ண என்று மாற்றினால் மகாராஷ்டிரியும் அர்த்தமாகதியும் திறந்துகொள்ளும். அப்புறம், அச்சிட்ட பாடத்தோடு நிற்காமல் கல்வெட்டின் மைப்படியையோ நல்ல நிழற்படத்தையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். பிராமியில் ர என்பது ஒரு செங்குத்துக் கோடு, ஞகரத்தையும் சீக்கிரம் அடையாளம் காணலாம். முதலில் கண்ணில் படுகிற முழுச்சொல் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.